ஏசி அவுட்டோர் யூனிட்டை எங்கே வைப்பது? மெக்கானிக் நிற்கும் இடத்திலிருந்து ஒரு கணக்கு

தங்கை சேலையூர் பக்கம் வீடு கட்டுகிறாள். தரைத்தளம், முதல் தளம் என்று இரண்டு. கீழே ஒன்று, மேலே இரண்டு என மூன்று படுக்கையறை, மூன்று ஏசி, இரண்டு குளியலறைக்கு இரண்டு கீசர். போன மாதம் பிளானை என் போனுக்கு அனுப்பிவிட்டு, "அண்ணா, இதுல அவுட்டோர் எங்க வருதுன்னே போடல. கேட்டா, அதெல்லாம் கடைசில பாத்துக்கலாம்மாங்கறார் இன்ஜினியர்" என்றாள். அந்தக் 'கடைசில பாத்துக்கலாம்' என்ற வார்த்தைக்குத்தான் திருவான்மியூர் ஃப்ளாட்டில் நான் பன்னிரண்டு வருடமாகக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்குப் போனில் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வீடு கட்டுகிறவர்கள், ஃப்ளாட்டில் புதிதாக ஏசி போடப்போகிறவர்கள் யாருக்காவது உதவும்.

முதலில் என் கதை. எங்கள் படுக்கையறை ஏசியின் அவுட்டோர் டக்டுக்குள் இருக்கிறது. குளியலறைப் பைப்புகள் இறங்குவதற்காக விட்ட, மேலே வானம் தெரியும் அந்தக் குறுகிய கிணறுதான் டக்ட். பிளானில் ஓ.டி.எஸ்., அதாவது 'ஓப்பன் டு ஸ்கை' என்று எழுதியிருப்பார்கள். வீட்டின் முகப்பு கெடாது, யார் கண்ணிலும் படாது என்று பில்டரே அங்கே இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்திருந்தார். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது கோடையில் குளிர் இறங்கவில்லை. வந்த மெக்கானிக் குளியலறை ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி வைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தலையை உள்ளே இழுத்து, "சார், வால்வு செவுத்துப் பக்கம் இருக்கு. நாலு இஞ்சுதான் கேப்பு. ஸ்பேனரே போகாது. யூனிட்டைத் திருப்பித்தான் ஆகணும்" என்றார்.

திருப்பினார். ஜன்னல் திட்டில் ஒரு முழங்கால், பக்கத்து ஃப்ளாட் ஜன்னலுக்குக் குறுக்கே போட்ட பலகையில் ஒரு கால். கேஸ் ஏற்றினார், குளிர்ந்தது. எட்டு மாதத்தில் மறுபடியும் பழைய கதை. மறுபடியும் திருப்பல், மறுபடியும் கேஸ். மூன்றாவது முறை வந்தவர் வயதானவர். சோப்பு நுரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஃப்ளேர் நட்டுலதான் சார் லீக்கு. ஒவ்வொரு தடவையும் யூனிட்டைத் திருப்புறப்போ பைப்பு முறுக்குது. நாங்களேதான் ரிப்பேர் பண்ண வந்து லீக் பண்ணிட்டுப் போறோம்" என்றார். காப்பர் பைப்பை யூனிட்டோடு இணைக்கும் நட்தான் ஃப்ளேர் நட்.

ஏசி கேஸ் என்பது பைக் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அந்தக் கசிவுக்குக் காரணம் மெஷின் இல்லை, நாலு அங்குல இடைவெளி.

சரி, எவ்வளவு இடம்தான் வேண்டும்? 1.5 டன் ஸ்பிளிட் ஏசியின் அவுட்டோர் சுமார் 80 செ.மீ. அகலம், 55 செ.மீ. உயரம், 30 செ.மீ. ஆழம் இருக்கும். எடை மாடலைப் பொறுத்து 25 கிலோவிலிருந்து 40 கிலோ வரை. பெட்டியோடு வரும் இன்ஸ்டலேஷன் புத்தகத்தில் சுற்றிலும் எவ்வளவு விடவேண்டும் என்று படமே போட்டிருப்பார்கள். அந்தப் புத்தகம் பெரும்பாலும் தெர்மோகோலோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும், பின்பக்கம் 10 முதல் 30 செ.மீ., காற்றைத் தள்ளும் முன்பக்கம் குறைந்தது 60, 70 செ.மீ., வால்வு இருக்கும் பக்கம் 50, 60 செ.மீ., தலைக்கு மேலும் அதே அளவு என்கிற மாதிரிதான் கணக்கு இருக்கும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பின்பக்கம் கேட்கும் அந்த 10 செ.மீ. காற்றுக்கு மட்டும்தான். சூட்டை வெளியே விடும் காயில் இருப்பது அந்தப் பக்கம். தூசி, புறா இறகு, பஞ்சு எல்லாம் போய் அடைவதும் அங்கேதான். அதைக் கழுவக் கை உள்ளே போகவேண்டும், தண்ணீர் அடிக்கும் கன் போகவேண்டும். பத்து செ.மீட்டரில் என் உள்ளங்கை போகும், முழங்கை மடங்காது. ஆகவே காற்றுக்கு ஓர் அளவு, கைக்கு ஓர் அளவு. மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை: அந்த ஆள் காலை எங்கே ஊன்றுவார்?

அமெரிக்காவில் வழங்கும் மெக்கானிக்கல் கோடு ஒன்று இதை நேரடியாகவே சொல்கிறது. கருவியின் கண்ட்ரோல் பக்கத்துக்கு முன்னால் 30 அங்குல ஆழம், 30 அங்குல அகலத்தில் சமதளமான இடம் இருக்க வேண்டும். நம் கணக்கில் இரண்டரை அடிக்கு இரண்டரை அடி. ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பக்கத்தில் டூல்ஸ் பையை வைத்துக்கொள்ளச் சரியான அளவு. நம் ஊர் வீட்டுப் பிளானில் இப்படி ஒரு கட்டம் போட்டு நான் பார்த்ததில்லை. தங்கையிடம் நான் சொன்னது இதைத்தான்: அவுட்டோருக்கு இடம் தேடாதே, மெக்கானிக்குக்கு இடம் தேடு, அவர் பக்கத்தில் அவுட்டோரை வை.

வருடத்துக்கு இரண்டு சர்வீஸ் என்று வைத்துக்கொண்டாலும் பத்து வருடத்தில் இருபது முறை ஆள் வருவார். நடுவில் கெப்பாசிட்டர், ஃபேன் மோட்டார், பிசிபி என்று இரண்டு மூன்று ரிப்பேர் சேரும். பொருத்துவது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாள் சௌகரியத்தைப் பார்த்து இடம் முடிவு செய்தால் மீதி எல்லா நாளும் அவஸ்தைதான்.

டக்ட்: கண்ணுக்கு மறைவு, கைக்கும் மறைவு

ஃப்ளாட்டுகளில் பில்டர்களுக்குப் பிடித்த இடம் இது. வாங்குகிறவர்களுக்கும் பிடிக்கிறது, எனக்கும் பிடித்தது. ஆனால் மூன்றடிக்கு நாலடி டக்டில் தளத்துக்கு ஒன்றாக நாலைந்து யூனிட் சூடான காற்றைத் தள்ளினால் அது எங்கே போகும்? எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி, அதே யூனிட்டின் முதுகு வழியாக உள்ளே வரும். மிச்சம் மேலே ஏறும். மேல்தளத்துக்காரர் தன் வீட்டுச் சூட்டோடு கீழ்வீட்டுக்காரர்கள் நாலு பேரின் சூட்டையும் சேர்த்து வெளியேற்றிக்கொண்டிருப்பார். ஏசியின் ஸ்டார் கணக்கு, வெளியே 24 முதல் 43 டிகிரி வரை வெப்பம் இருக்கும் என்று வைத்துப் போடப்படுகிறது. 2003 மே மாதம் சென்னையில் 45 டிகிரி பதிவானது நமக்கெல்லாம் பெரிய செய்தி. தான் விட்ட காற்றையே தான் உறிஞ்சும் யூனிட்டுக்கு எல்லா அக்னி நட்சத்திரமும் அப்படித்தான். அது எந்த வானிலை அறிக்கையிலும் வராது, கரண்ட் பில்லில் வரும்.

இன்னொன்று. இப்போது வரும் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32 கேஸ். லேசாகத் தீப்பிடிக்கும் வகை, காற்றைவிடக் கனமானது. திறந்த வெளியில் கசிந்தால் கலைந்துவிடும். அடி மூடிய குறுகலான டக்டில் கசிந்தால் கீழே தங்கும். அங்கேயே ஒருவர் பலகையில் தொங்கிக்கொண்டு காப்பர் பைப்பைப் பற்றவைக்கப் பர்னரைக் கொளுத்துகிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். நான் நினைத்துப் பார்த்த பிறகுதான் என் யூனிட்டை அங்கிருந்து எடுக்க முடிவு செய்தேன்.

டக்டை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. ஐந்தாறு அடி அகலம், தளத்துக்குத் தளம் நின்று வேலை செய்ய இரும்புக் கிராதித் தரை, உள்ளே நுழைய ஆள் உயரக் கதவு, இது மூன்றும் இருந்தால் அது நல்ல இடம். இவ்வளவும் செய்த டக்டை நான் இரண்டே இரண்டு அலுவலகக் கட்டடங்களில் பார்த்திருக்கிறேன். வீடுகளில் இல்லை.

வெளிச்சுவரில் பிராக்கெட்

ஊரில் பாதி ஏசி இப்படித்தான் தொங்குகிறது. செலவு குறைவு, பைப் நீளம் குறைவு, முன்பக்கம் முழுக்கத் திறந்தவெளி. காற்றுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. காலுக்கு இதைவிட மோசமான இடமும் கிடையாது.

நம் வீடுகளில் ஜன்னலுக்குக் கம்பி வைத்துச் சுவரோடு சுவராகப் பதித்துவிடுகிறோம். திருடன் வரக்கூடாதே. ஜன்னலுக்கு இரண்டடி கீழே யூனிட் இருக்கும், கண்ணுக்குத் தெரியும், கம்பி இடுக்கில் விரல் மட்டும் போகும். ஆகவே மெக்கானிக் பக்கத்து ஜன்னலோ பால்கனியோ பிடித்து வெளியே இறங்கி, சன்ஷேடு விளிம்பில் கால் வைத்து, ஒரு கையால் கிரில்லைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வேலை செய்ய வேண்டும். ஃப்ளேர் நட்டைக் கழற்ற இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று உடலைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருப்ப. இரண்டு கையும் அதற்கே போய்விடும். பிடித்துக்கொள்ள மூன்றாவது கைக்கு எங்கே போவார்? இடுப்பில் பெல்ட் கட்டுங்கள் என்று நாம் சொன்னாலும், அதன் கொக்கியை எதில் மாட்டுவது என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. உயரத்துக்குக் கயிறு கட்டி இறங்கும் ஆளைத் தனியாகக் கூப்பிட்டால், சர்வீஸ் சார்ஜைவிட அந்தக் கூலி அதிகமாகிவிடும். அதனாலேயே அவுட்டோரைத் தொடாமல் இன்டோரை மட்டும் கழுவிவிட்டு, 'சர்வீஸ் ஆச்சு' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது வழக்கமாகிவிடுகிறது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

கடலோரத்தில் துரு தனிப் பிரச்சினை. திருவான்மியூரில் பெயின்ட் அடித்த இரும்பு ஆங்கிள் மூன்றாம் வருடமே செதில் செதிலாக உரியத் தொடங்கிவிட்டது. மேலே பார்க்க நன்றாக இருக்கும், சுவரில் புகும் போல்ட்டில்தான் அரித்திருக்கும். சிங்கப்பூரில் அவுட்டோரைத் தாங்கும் சட்டமும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போலத் துருப்பிடிக்காத பொருளில்தான் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. வெளிச்சுவரில் பொருத்துகிறவர் அதற்கென்று பயிற்சி பெற்றவராகவும் இருக்க வேண்டும். அங்கே ஈரக்காற்று, இங்கே உப்புக்காற்று, இரும்புக்கு இரண்டும் ஒன்றுதான். இப்போது நிறைய வீடுகளை எடை குறைந்த ஏஏசி கல்லில் கட்டுகிறார்கள். அந்தக் கல்லில் சாதாரண ஆங்கர் போல்ட் பிடிப்பு குறைவு. சுவரை முழுக்கத் துளைத்து உள்பக்கம் பிளேட் வைத்து முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கான்கிரீட் பீமில் அடிக்க வேண்டும்.

பிராக்கெட்தான் ஒரே வழி என்று ஆகிவிட்டால், ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். பால்கனிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, வால்வுப் பக்கம் பால்கனியைப் பார்க்கும்படி வையுங்கள். பால்கனித் தரையில் நின்றே வால்வைத் தொட முடிய வேண்டும். அதுவும் முடியாதென்றால் அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் பூட்டோடு திறக்கும் கிரில் போடுங்கள். வெல்டருக்கு அரை நாள் வேலை.

சன்ஷேடும் சன்ஷேடு போன்றதும்

சன்ஷேடு மேல் வைப்பது பிராக்கெட்டைவிட நிம்மதி என்று தோன்றும். கணக்குப் போட்டால் தெரியும். வழக்கமான சன்ஷேடு ஒன்றரையிலிருந்து இரண்டடிதான் நீட்டியிருக்கும், அதாவது 45 முதல் 60 செ.மீ. யூனிட்டுக்கு 30, பின்னால் 15. மிச்சம் ஒன்றுமில்லை, அல்லது அரை அடி. அந்த அரை அடியில் நின்றுதான் முன்பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும். போதாததற்கு, சன்ஷேடுக்கு யூனிட், மெக்கானிக், உதவிக்கு வரும் பையன் மூன்று பேர் பாரமும் சேர்த்துக் கம்பி கட்டியிருப்பார்களா என்பதையும் இன்ஜினியரிடம் கேட்டாக வேண்டும்.

கட்டும்போதே அதை மூன்றரை, நாலடி திட்டாக நீட்டி, அதற்கேற்பக் கம்பி கட்டி, ஓரத்தில் இடுப்பளவு கம்பிவேலி வைத்து, அறையிலிருந்தோ படிக்கட்டுத் திருப்பத்திலிருந்தோ ஒரு சின்னக் கதவு விட்டால் கதையே வேறு. சிங்கப்பூரில் எச்டிபி என்ற அரசு அமைப்பு கட்டும் அடுக்ககங்களில் அவுட்டோருக்கென்றே கான்கிரீட் திட்டு விட்டுக் கட்டுவது வழக்கமாகிவிட்டது. இங்கே திட்டு என்றதும் வரும் முதல் கவலை எஃப்.எஸ்.ஐ. (மனை அளவுக்கு எவ்வளவு கட்டலாம் என்ற கணக்கு), இரண்டாவது கவலை எலிவேஷன் (முகப்புத் தோற்றம்). மெக்கானிக் மூன்றாவதாகக்கூட வருவதில்லை. ஆனாலும் முதல் தளத்துக்கு என் மனதுக்குப் பிடித்தது இந்தத் திட்டுதான்.

பால்கனியும் யுடிலிட்டியும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தரையில் நின்று வேலை செய்யலாம், மழையில் நனையாது, மெக்கானிக்குச் சொர்க்கம். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஸ்டாண்டு போட்டு, காற்று வெளிப்பக்கம் போகுமாறு வைத்தால் போதும். முழுச் சுவராக இருந்தால் காற்று முட்டித் திரும்பும், கம்பிக் கைப்பிடி நல்லது. இரண்டு எச்சரிக்கை மட்டும். பின்னாளில் பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடும் ஆசை வரும்; வந்தால் ஏசியை முதலில் வெளியேற்ற வேண்டும். இரண்டாவது, சர்வீஸுக்கு வருகிறவர் படுக்கையறை வழியாகத்தான் பால்கனிக்குப் போகமுடியும் என்றால், ஒவ்வொரு முறையும் வீட்டில் யாராவது இருந்தாக வேண்டும். என் மனைவி வேலைக்குப் போகிறவள். இது சின்ன விஷயம் போலத் தெரியும், மூன்று சனிக்கிழமை தள்ளிப்போன பிறகுதான் சின்ன விஷயம் இல்லை என்று புரியும்.

பக்கத்துச் சந்து

தனி வீடுகளில் தரைத்தள ஏசிக்கு எல்லோர் கையும் காட்டுவது வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் விட்ட மூன்றடி சந்து. மூன்றடி என்றால் 91 செ.மீ. சுவரிலிருந்து 15 விட்டு, யூனிட்டுக்கு 30 போனால் மிச்சம் 46. சூடான காற்று ஒன்றரை அடி தள்ளியிருக்கும் காம்பவுண்டில் மோதித் திரும்பும். மோட்டார் ரூமுக்கோ செப்டிக் டேங்க் மூடிக்கோ அந்த வழியாகப் போகிற ஆள் ஒருக்களித்துத்தான் போகவேண்டும். அப்படியானால் திருப்பி வைக்கலாமே என்று, காற்று சந்தின் நீளவாக்கில் போகுமாறு வைத்தால், 80 செ.மீ. அகல யூனிட் சந்தையே அடைத்துக் கதவு மாதிரி நிற்கும்.

தரையில் வைப்பதில் வெள்ள பயமும் உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தாழ்வான பகுதிகளில் தரையோடு வைத்த யூனிட்டுகள் தண்ணீரில் மூழ்கின. ஏழடி உயரத்தில் காம்பவுண்டுக்கு மேலே காற்று போகுமாறு வைப்பது ஒரு தீர்வு. அப்போது சூடும் வெள்ளமும் தீரும், ஆனால் ஏணி வேண்டும். சந்துத் தரை சிமென்ட் போட்டு ஏணி வழுக்காமல் நிற்குமானால், தரைத்தளத்துக்கு இது ஏற்றுக்கொள்ளக்கூடிய சமரசம்தான். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே வைத்துவிடாதீர்கள். அந்தச் சண்டைக்கு எந்த மெக்கானிக்கும் வரமாட்டார்.

மொட்டை மாடி

மேல்தள அறைகளுக்கு நான் முதலில் பார்ப்பது மாடியைத்தான். நாலு பக்கமும் சுற்றி வரலாம், மேல் மூடியைத் தூக்கலாம், பக்கத்தில் குழாய் இருந்தால் நிதானமாகக் காயிலைக் கழுவலாம். கழுவி முடிக்கும்வரை வீட்டில் யாரும் உள்ளே காத்திருக்க வேண்டாம், வெளிப்படிக்கட்டு இருந்தால் இன்னும் சௌகரியம்.

பைப் நீளம்தான் இதற்கு எல்லோரும் சொல்லும் ஆட்சேபம். பெட்டியோடு வரும் காப்பர் பைப் பொதுவாக மூன்று மீட்டர். மாடிக்கு ஏற்ற ஐந்து, ஆறு மீட்டர் ஆகலாம். கூடுதல் பைப்புக்குக் காசு கொடுக்க வேண்டும், குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டினால் மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கேஸும் சேர்க்க வேண்டும். அந்த அளவும் பைப்பின் உச்ச நீளமும் மாடலுக்கு மாடல் மாறும், புத்தகத்தில் இருக்கும். ஆக, குப்பைக்குப் போகும் முன் அந்தப் புத்தகத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு தள உயரத்துக்கு மேலே ஏற்றுவதால் வீட்டு ஏசிக்குப் பெரிய கேடு ஒன்றும் வந்துவிடாது. ஆனால் இரண்டு தளம் கீழே இருக்கும் அறைக்கு மாடியில் வைப்பதை நான் செய்யமாட்டேன். பைப் சுவருக்குள் புதைந்துபோனால், நடுவில் கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதே தனி வேலை.

வெயில் நேரே அடிக்குமே என்பார்கள். அடிக்கும். நிழல் இருந்தால் நல்லதுதான். ஆனால் அந்த நிழலுக்காகத் தலைக்கு மேல் அரை அடியில் தகரம் போட்டு மூன்று பக்கமும் மூடினால், மாடியில் ஒரு டக்டைக் கட்டிவிட்டோம் என்று அர்த்தம். கூரை போடுவதென்றால் மேலே இரண்டடி விட்டு, நாலு பக்கமும் திறந்தே இருக்கட்டும்.

மாடியில் எனக்கு நிஜமான கவலை தளம் கெட்டுப்போவதுதான். ஸ்டாண்டைப் பதிக்க மழைநீர் இறங்காமல் மாடித் தளத்தின்மேல் போடும் வெதரிங் கோர்ஸைத் துளைத்துவிட்டு, அடுத்த மழையில் கீழே படுக்கையறை சீலிங்கில் ஈரம் தெரியும்போது எல்லோரும் ஏசியைத் திட்டுவார்கள். துளைக்காமல், கான்கிரீட் கட்டைகள் செய்து ரப்பர் வைத்து அதன்மேல் யூனிட்டைப் போல்ட் போட வேண்டும். தண்ணீர் ஓடும் வாட்டத்தைக் கட்டை மறிக்கக் கூடாது. கட்டை கனமாக இருக்கட்டும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்த சென்னையில், மாடியில் லேசாக வைத்ததெல்லாம் எங்கே போனது என்று தேடியவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் மாடி யாருக்கெல்லாம் வேண்டும் என்று இன்றே பட்டியல் போட வேண்டும். தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போடும் கொடி, நாளைக்குச் சோலார் பேனல். 2024-ல் பிரதமரின் சூர்ய கர் மானியத் திட்டம் வந்த பிறகு எங்கள் தெருவிலேயே பேனல்கள் முளைத்துவிட்டன. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி போகும். பேனல் கால்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஓர் அவுட்டோரைப் பார்த்தேன். அதன் வால்வு மூடியைக் கழற்றத் தவழ்ந்து போகவேண்டும். ஃப்ளாட் என்றால் மாடி பொது இடம், சங்கத்தில் எழுதி வாங்காமல் வைக்காதீர்கள்.

உள்ளே தொங்குவதும் கீசரும்

இன்டோர் யூனிட்டில் தவறு செய்வது பெரும்பாலும் கார்ப்பென்டர், பில்டர் இல்லை. வீட்டுக்குக் குடிவந்து இரண்டு வருடம் கழித்து அலமாரியை சீலிங் வரை ஏற்றுவார்கள், அல்லது ஏசியைச் சுற்றி மரப்பெட்டி அடிப்பார்கள். மேலே 15 செ.மீ., இரு பக்கமும் ஒரு சாண் விடாவிட்டால் முகப்பைத் திறந்து முழுக்கக் கழற்ற முடியாது. பக்கவாட்டில் மோட்டாரையும் புளோயரையும் உருவ முடியாமல், மொத்த யூனிட்டையே சுவரிலிருந்து இறக்குவார்கள். இறக்கினால் பைப் முறுக்கும், மறுபடியும் அந்த ஃப்ளேர் நட் கதை. கட்டிலுக்கு நேர்மேலேயும் வேண்டாம். கழுவும்போது கட்டப்படும் பிளாஸ்டிக் பை என்றாவது ஒருநாள் வழியும், அடியில் மெத்தை இருக்கும்.

கீசருக்குச் சென்னையில் முதல் எதிரி போர்வெல் தண்ணீர். உப்பு படிந்து ஹீட்டிங் காயிலில் சுண்ணாம்புப் பூச்சு ஏறும், தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் ராடு கரையும். சில வருடத்துக்கு ஒருமுறை இரண்டையும் வெளியே எடுத்தாக வேண்டும். நின்றவாக்கில் மாட்டும் கீசரில் இவை அடிப்பக்கமாக உருவப்படும், படுத்தவாக்கு கீசரில் பக்கவாட்டில். ராடு கிட்டத்தட்ட ஒரு அடி நீளம் இருக்கும். கீழேயோ பக்கத்திலோ ஒன்றரை அடி இல்லாவிட்டால், 25 லிட்டர் தொட்டியையே கழற்றி இறக்க வேண்டும்.

இங்கே மூன்று இடம் வழக்கம். குளியலறைச் சுவர், லாஃப்ட், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே. மூன்றாவதை அழகுக்காகச் செய்கிறார்கள். இரண்டடிக்கு இரண்டடி திறக்கும் கதவு விடாமல் செய்தால், காயில் போன அன்று சீலிங்கும் போகும். லாஃப்டில் தீபாவளிப் பித்தளைப் பாத்திரம், பழைய சூட்கேஸ் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத்தான் கீசரைத் தொட முடியும் என்ற நிலை வரும், வந்தே தீரும். சுவர்தான் சரி. ஆனால் எந்தச் சுவர்? எங்கள் வீட்டில் கமோடுக்கு நேர் மேலே. வந்தவர் ஏணி விரிக்க இடமில்லாமல் கமோடு மூடிமேல் ஏறினார், மூடி நடுவில் பிளந்தது. நல்லவேளை, ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டார். புது மூடி வாங்கிப் போட்டேன். கீசர் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

தங்கை வீட்டில் என்ன முடிவானது

மேல்தளப் படுக்கையறைகளில் ஒன்றுக்கு மாடி. தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே, படியேறியதும் கைக்கு எட்டும் மூலையில். இன்னொரு அறை தெருப்பக்கம், அங்கிருந்து அந்த மூலைக்குப் பைப் ரொம்ப நீளும். ஆகவே தெருப்பக்க சன்ஷேடை நாலடி திட்டாக நீட்டி, படிக்கட்டுத் திருப்பத்திலிருந்து இரண்டரை அடிக் கதவு. இன்ஜினியர் முகத்தைச் சுளித்தார், கம்பிக் கணக்கைத் திருத்திப் போட்டுக் கொடுத்தார். தரைத்தளத்துக்குச் சந்துதான், ஏழடி உயரத்தில். எனக்கு முழுத் திருப்தி இல்லை. மாப்பிள்ளைக்கு முன்பக்கத் தோட்டத்தில் ஸ்டாண்டு போட மனமில்லை. கீசர் இரண்டும் கதவை ஒட்டிய சுவருக்கு வந்துவிட்டன, அடியில் ஏணி விரிக்கத் தரை காலியாக.

போன ஞாயிறு போயிருந்தேன். திட்டுக்குக் கான்கிரீட் போட்டு முட்டு எடுத்திருந்தார்கள். ஃபிரிஜ் பெட்டி அட்டையை 80-க்கு 55-க்கு 30 என்று வெட்டி ஒட்டி எடுத்துப் போயிருந்தேன். அதைச் சுவரிலிருந்து ஒன்றரை சாண் தள்ளி வைத்து, அங்கே வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரியைக் கூப்பிட்டு, "அண்ணே, இதுக்குப் பக்கத்துல குந்தி உக்காந்து, ரெண்டு கையிலயும் ஸ்பேனர் புடிச்சிருக்கற மாதிரி காட்டுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தார். முதுகு கம்பிவேலி வரப்போகும் கோட்டைத் தொடவில்லை. ஆனால் வலது முழங்கை பக்கச் சுவரில் இடித்தது. அட்டையை அரை அடி இடதுபுறம் நகர்த்தினோம். மறுபடி கையைச் சுழற்றிப் பார்த்து, "இப்ப ஃப்ரீயா இருக்கு சார்" என்றார். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பிவிட்டு வந்தேன்.